குலுக்கிய கை

நாற்பத்தாறு வயதில் நான் மறுபடியும் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். யாரும் கேட்கவில்லையே என்று சும்மா இருக்கும் வழக்கம் ஆந்திர எல்லையில் எங்கள் புத்தூர்ப் பக்கம் கிடையாது. என் கணவரின் அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டார்: "இன்னாம்மா, புஸ்தகப் பைய மாட்டிக்கினு திருப்பதிக்குப் போறியாமே? பொண்ணுக்கு மாப்ள பாக்கற வயசுல உனுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அவர் பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவர். மூன்று முறையும் பேப்பர் திருத்தியவன் சரியில்லை என்பது அவர் கட்சி.

"நீங்க பாதில உட்டத யாராவது எடுத்துப் படிக்கணும் இல்ல மாமா" என்றேன். பந்தியே சிரித்தது. அவர் ரசத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் பால் சென்டரில் டெஸ்டராக இருந்தவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? தினமும் விடிந்ததும் எழுபது எண்பது பேர் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அதில் பாதிப்பேர் மாட்டை மட்டும் நம்பாமல் கிணற்றையும் நம்பி வந்தவர்கள். தண்ணீர் கலந்ததைக் காட்டும் லாக்டோமீட்டரைப் போட்டதும் அது கழுத்தளவு முங்கும். "இன்னாய்யா, உன் மாடு ஏரில நின்னுக்கினே கறக்குதா?" என்று நான் உரக்கக் கேட்பேன். வரிசை சிரிக்கும். அந்த ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து போவான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

டெஸ்ட் போடுவதில் ஒரு வேலை உண்டு. பாலில் ஆடை மேலே ஒதுங்கிவிடும். சாம்பிள் பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் கொழுப்புக் கணக்கு தப்பாக வரும். பால்காரர்களுக்கு இது தெரியும். அதனால் நாங்கள் அவர்கள் கண் முன்னால் குலுக்க வேண்டும். சத்தம் கேட்கும்படி குலுக்க வேண்டும். சற்று மெதுவாகக் குலுக்கினால், "அம்மா, நல்லா குலுக்கும்மா, என் வெண்ணெயெல்லாம் மேலயே நிக்குது" என்று வரிசையிலிருந்து குரல் வரும். அதன்பின் அமிலம் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, துணியைச் சுற்றி மறுபடியும் குலுக்கி, சென்ட்ரிப்யூஜ் மெஷினில் வைத்துச் சுழற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷம் இதைச் செய்தால் மணிக்கட்டு தனியாக ஓர் ஆளாகிவிடும். பாட்டில் கையில் வந்தால் போதும், நான் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைப் போல் குலுக்க ஆள் இல்லை என்று பெயர்.

பிறகு பாலை உறிஞ்சி, அரை நிமிஷத்தில் சீட்டு அடித்துத் தரும் பெட்டி ஒன்று வந்தது. அதன் முன்னால் நிற்பவருக்குப் பித்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். எங்கள் மானேஜரின் மைத்துனன் அந்தக் கலையை ஒரே காலையில் கற்றுக்கொண்டான். எனக்கு ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வேலை போனவளுக்கு எதற்குக் கடிகாரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். வீட்டில் இருப்பது எனக்கு வரவில்லை. காலையில் விழிப்பு வந்துவிடும், கைக்கு வேலை இருக்காது. புத்தூரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் முழங்கால் வலிக்குப் போனபோது அவர்தான் சொன்னார். "லேப் டெக்னீசியன் கோர்ஸ் பண்ணிக்கினு வாம்மா. ரெண்டு வருஷம்தான். என் கிளினிக்ல லேப் வெக்கறேன், அத நீயே பாத்துக்கோ. சாம்பிள், சென்ட்ரிப்யூஜ் எல்லாம் உனுக்குப் பழக்கம்தானே." எனக்கு முழங்கால் வலி அப்போதே பாதி குறைந்தது.

திருப்பதியில் நான் சேர்ந்த அந்தப் பெருமைக்குரிய கல்லூரி, ஒரு ஸ்வீட் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. பாக்டீரியா பாடம் நடக்கும்போது கீழே நெய் காயும் வாசனை வரும். வாசல் பேனரில் வெள்ளைக் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மைக்ராஸ்கோப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அது ஆயுத பூஜையில் வைத்த குங்குமத்தோடு கண்ணாடி பீரோவில் பூட்டியிருந்தது. சாவி பிரின்சிபாலிடம் இருந்தது. பிரின்சிபால் பெங்களூரில் இருந்தார்.

பாடம் தெலுங்கில் நடக்கும், புத்தகம் இங்கிலீஷில் இருக்கும். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். தெலுங்கு பேச வரும், வேகமாக எழுத வராது. எனவே சார் தெலுங்கில் சொல்வதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். எங்கள் எல்லையோரத்து ஆட்கள் பாதிப்பேர் இப்படித்தான் படித்துப் பிழைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நோட்டே எழுதவில்லை. போர்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, படித்துவிட்ட திருப்தியில் இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு. நோயாளியிடம் எப்படிச் சிரிப்பது என்று, டை கட்டிய ஒருவர் ஒரு மணி நேரம் சிரித்துக் காட்டுவார். ஊசியோடு வருபவள் இப்படிப் பல்லைக் காட்டினால் நோயாளி ஓடிவிடுவான் என்று நான் எழுந்து சொன்னேன். அதன்பின் அவர் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

முதல் வருஷப் புத்தகத்தில் மூன்றாவது பாடம் சாம்பிள் எடுப்பதும் கொண்டுபோவதும் பற்றியது. தலைப்பைப் பார்த்தேன், பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் சாம்பிள் பிடித்தவளுக்கு இதையும் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்று இருந்தது. பரீட்சையில் அதிலிருந்து கேட்ட கேள்வியையும் சாய்ஸில் விட்டேன். மற்றதையெல்லாம் வெறி பிடித்தாற்போல் படித்து, வகுப்பில் இரண்டாவதாக வந்தேன். கல்யாணப் பந்தி மாமாவுக்கு அந்த மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி. அதன் முடிவில் லேப் இன்சார்ஜ் மேடம் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. மறுபடியும் பயிற்சி, மறுபடியும் காத்திருப்பு. புத்தூர் டாக்டர் லேபுக்கு அறை கட்டி, டைல்ஸ் கூடப் போட்டுவிட்டார். "சீக்கிரம் வாம்மா, இல்லன்னா வேற யாரையாவது வெக்கணும்" என்று சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒரு கையெழுத்துத்தான் எனக்கு அப்போது உலகம்.

இன்சார்ஜ் மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். தெலுங்குதான் பேசுவார், அதையும் அளந்துதான் பேசுவார். பயிற்சிக்கு நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி சாந்திபுரத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் பிடித்த கூட்டத்தில் ஒருத்தி. குனிந்த தலை நிமிராமல், உதட்டுக்குள்ளேயே பேசுவாள். வீட்டில் தமிழ் என்பதால் என்னோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தாள். முதல் நாளே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். மார்க்கில் என்னைவிடப் பத்து இடம் பின்னால் நின்றவள் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

சென்ட்ரிப்யூஜில் ட்யூபுகளை எதிரெதிரே எடை சரிபார்த்து வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேடம் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பாகுந்தி" என்று பாராட்டினார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவதே பெரிது. அன்றே வேலையைப் பிரித்தார். அந்தப் பெண் மேல்மாடி வார்டுகளில் ரத்தம் எடுக்க வேண்டும். நான் அதை வாங்கி, கீழே லேபுக்குக் கொண்டுவந்து சுழற்ற வேண்டும். எடுப்பவள் ட்யூப் லேபிளில் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவாள். கொண்டுவருபவளுக்கு எழுத்து கிடையாது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ட்யூப் தட்டோடு நான் படியிறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். "நீ பொறக்கறதுக்கு மின்னாடியே சாம்பிள் புட்சவ நானு. போயி உன் ஊசியப் பாரு" என்றேன். வார்டு வாசலில் நின்ற ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் சொல்லிச் சிரித்தேன். நன்றாக அமைந்த பதில் என்று எனக்கு ஒரு வாரம் வரை சந்தோஷம் இருந்தது.

அந்த வாரத்திலிருந்தே சாம்பிள்கள் கெட ஆரம்பித்தன. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிவு நிற்க வேண்டும். அது மாதுளைச் சாறுபோல் சிவந்து நின்றது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அதை வைத்துப் பொட்டாசியம் பார்த்தால், நன்றாக இருப்பவனுக்கும் சாகப்போகிறவன் கணக்கு வரும். மறுபடியும் போய்க் குத்தி எடுக்க வேண்டியதுதான். எல்லாமும் கெடவில்லை. தினமும் நாலைந்து கெட்டன.

"எவரு தீசாரு இதி?" என்று மேடம் ட்யூபைத் தூக்கிப் பிடித்து யார் எடுத்தது என்று கேட்பார். லேபிளில் அந்தப் பெண்ணின் எழுத்து இருக்கும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் இழுத்து இழுத்து எடுத்தால் இப்படி ஆகும் என்பதால் வேறு யாரையும் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் தலையைக் குனிந்து நிற்பாள். ஒருநாள் நகரியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஆட்டோ டிரைவர் ஒருவர் நீலம் பாய்ந்த கையை நீட்டிக்கொண்டு, "இன்னாம்மா, மூணாவது வாட்டி குத்தற. இது கையா, தலகாணியா?" என்று கேட்டார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பக்கத்தில் நின்று உச்சுக் கொட்டினேன்.

உச்சுக் கொட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மேடத்திடம் போய், "அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது மேடம், கவனமெல்லாம் போன்லதான்" என்று தெலுங்கில் எடுத்துச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். பந்தி மாமாவைப் பழித்தேனே, அதே வேலைதான். ஐந்தாவது வாரக் கடைசியில் மேடம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வரும் வாரமும் இப்படியே இருந்தால் கையெழுத்துப் போட முடியாது, ஆறு மாதத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். அவள் "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் உறைக்காது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பரீட்சைக்குப் புத்தகத்தைத் தூசி தட்டினேன். சாய்ஸில் விட்ட பாடத்திலிருந்து இந்த முறை நிச்சயம் கேட்பார்கள் என்று சீனியர் ஒருத்தி சொல்லியிருந்தாள். சலிப்போடுதான் மூன்றாவது பாடத்தைத் திறந்தேன். இரண்டாவது பக்கத்தில், கறுப்புக் கட்டம் கட்டி, நாலே வரி இருந்தது. ரத்தம் எடுத்த ட்யூபைக் குலுக்கக் கூடாது. மெதுவாக ஐந்தாறு முறை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் அணுக்கள் உடையும்.

சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். தட்டிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, பால்காரன் காதுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் குலுக்கியிருந்தது. லேபுக்குள் நுழையும்போது வேலை முடிந்திருக்கும். அதனால் மேடம் அதைப் பார்த்ததே இல்லை.

இருந்தாலும் எனக்கு நம்ப மனமில்லை. திங்கட்கிழமை, புத்தகம் சொன்னபடி செய்து பார்த்தேன். இடது கையால் தட்டைப் பிடித்து, வலது கையை அடக்கி, ஒவ்வொன்றாகச் சாய்த்து நிமிர்த்தினேன். மணிக்கட்டு துடித்தது. அன்று சுழற்றிய அத்தனை ட்யூபிலும் தெளிவு மஞ்சளாக நின்றது. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "சூசாவா" என்று கேட்டு, கவனமாக இருந்தால் வருகிறது பார் என்றார். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. இனிமேல் குலுக்கப்போவதில்லை, சாம்பிள் கெடப்போவதில்லை, அவளுக்கும் கையெழுத்து கிடைத்துவிடும், எனக்கும் கிடைத்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பந்தியில் பேசவும், வகுப்பில் எழுந்து நிற்கவும், தண்ணீர்ப் பாலைத் திருப்பி அனுப்பவும் நீண்ட வாய், இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. கிணற்றுத் தண்ணீர் கலந்தவன்கூட என்னைவிட மேல். அவன் கேனைத் தானே தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அந்த ஆட்டோ டிரைவரைப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போய்க்கொண்டிருந்தார். நீலம் பச்சையாக மாறியிருந்தது. அந்தப் பெண்ணிடம் நின்று, "பழகிக்கினா வந்துடும்மா, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நேராக மேடத்தின் மேஜைக்குப் போய்ச் சொன்னேன். பால் சென்டர், பாட்டில், படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தெலுங்கில் ஆரம்பித்தது பாதியில் தமிழாகிவிட்டது.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"என்னி ரோஜுல நுஞ்சி?" என்று எத்தனை நாளாக என்பதை மட்டும் கேட்டார்.

"மொதல் நாள்லேர்ந்து."

மேஜை டிராயரிலிருந்து இரண்டு பாரத்தையும் எடுத்தார். ஒன்றின் ஓரத்தில், இதுவரை சாம்பிள் கெட்டதில் இவளுடைய தவறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது அந்தப் பெண்ணுடையது. என்னுடையதைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார். முதலிலிருந்து ஆறு மாதம், அதில் முதல் மூன்று மாதம் வார்டில் அந்தப் பெண் ரத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ட்யூபைத் தொடக் கூடாது என்றார். புத்தூர் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ரொம்ப நல்லவிதமாகப் பேசினார். நல்லவிதமாகப் பேசினால் வேறு ஆள் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

மதியம் படிக்கட்டில் அந்தப் பெண் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அவள் என் கையைப் பிடித்து அழுவாள், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எனக்கு இழப்பு பெரிது. அதற்கு அந்த அளவாவது கிடைக்க வேண்டும் என்று இருந்தது.

"துன்னீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"மேடம் கிட்ட சொல்லிட்டேன்மா. கெட்டுப்போனதுக்கெல்லாம் நான்தான் காரணம். ட்யூபக் குலுக்கினு வந்தது நானு."

"தெரியும் ஆன்ட்டி."

"மேடம் சொன்னாங்களா?"

"இல்ல. எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க குலுக்கினே எறங்கறத மேல நின்னு பாப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது. "தெரிஞ்சிக்கினே அஞ்சு வாரம் திட்டு வாங்கினியா? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சொன்னேனே ஆன்ட்டி. ரெண்டாவது நாளே, இதே படிக்கட்டுல, ட்யூபக் குலுக்கக் கூடாதுன்னு சொன்னேன். நான் பொறக்கறதுக்கு மின்னாடியே சாம்பிள் புட்சவன்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்க."

என் பதில் எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஒரு எழுத்து பிசகாமல். வீட்டில் சொல்லிச் சிரித்திருந்தேன் இல்லையா. எதற்குப் பதிலாக அதைச் சொன்னேன் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை.

"ஊறுகா போடவா ஆன்ட்டி?" என்று அவள் டிபன் பாக்ஸின் மூடியில் பாதிச் சாதத்தை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினாள். நான் வாயைத் திறந்தது அதைச் சாப்பிடத்தான்.